இரட்டைப் பிடிக் குடை

நான் ஓர் அருங்காட்சியகத்தில் முப்பத்தாறு வருடம் காவலாளியாக இருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. வாசலில் நிற்கும் பாடம் செய்த கரடி ஒரு காலத்தில் எங்கள் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தது, லீவு கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே விறைத்துவிட்டது என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அது வரவேற்பு. மாடியிலுள்ள பெரிய கடிகாரம் ஒருமுறை பின்னோக்கி ஓடியதில் எங்கள் தலைமை எழுத்தருக்கு மீசை உதிர்ந்து குரல் கீச்சென்று ஆகிவிட்டதையும் சொல்வேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். சிலர் எழுத்தரைத் தேடிப்போய் அனுதாபம் சொல்லிவிட்டும் வந்திருக்கிறார்கள்.

நான் சொல்வதை நம்பாத ஒரே ஜீவன் என் அக்கா. சின்ன வயதில் ஒருநாள், "அக்கா, சமையலறையில தீ!" என்று ஓடினேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டுத்தான் எழுந்து வந்தாள். அன்று பார்த்து நிஜமான தீ. அதற்கும் என்னைத்தான் அடித்தாள்.

அவளுடைய மகள் எங்கள் அருங்காட்சியகத்திலேயே வேலைக்கு வந்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு குறிப்பு இருக்குமே, அதை எழுதுகிற வேலை. ஒரு குறிப்புக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்பது இயக்குநரின் சட்டம். பழகிப் பழகி அவள் பேச்சும் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டதால், அவளுக்கு 'நாற்பது' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எட்டு வருடம் முன்பு, காட்சிப் பெட்டிகளுக்குக் கண்ணாடி மாற்ற ஒரு கண்ணாடிக்காரி வந்தாள். அவள் துடைத்த கண்ணாடி இருப்பதே தெரியாது. நாற்பது நேராக நடந்து போய் அதில் மூக்கை இடித்துக்கொண்டாள். கண்ணாடிக்காரி ஓடிவந்து மூக்கில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டே, "என் வேலைக்கு இதுவரைக்கும் யாரும் இப்படியொரு சர்டிஃபிகேட் கொடுத்ததில்ல" என்றாள். மூக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. மற்றது சரியாகவே இல்லை. ஆறாவது மாதம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருவருமாக ஒரு வீடு எடுத்தார்கள். கண்ணாடிக்காரி என்னை 'மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அக்காவை மட்டும் 'ஆன்ட்டி' என்றாள். யார் அந்தப் பெண் என்று அக்கா மகளைக் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "ரூம்மேட்." என்னையும் கேட்டாள். நானும் பதில் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது குடை. நூறு வருடத்துக்கும் முந்தையது. ஒரே தண்டுதான்; ஆனால் அடியில் அது மாட்டுக்கொம்பு போல இரண்டாகப் பிரிந்து இரண்டு கைப்பிடியாக முடியும். ஓர் ஆள் பிடித்தால் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து தலை நனையும். ஆளுக்கொரு பிடியாக இருவர் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். இதைச் செய்தவள் ஒரு குடைக்காரி. அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள் வானிலை நிலையத்துக்காக மழை அளந்தவள். தினமும் விடிந்ததும் மேட்டிலிருக்கும் மழைமானியைப் பார்த்து எழுதி வர வேண்டும். குடைக்காரியும் கூடவே போவாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

மழையைப் பற்றி எங்கள் அருங்காட்சியகத்தில் ஓர் அறை தயாரானது. சனிக்கிழமை திறப்பு. கிடங்கில் கிடந்த குடை அறைக்கு நடுவே வருவதென்று முடிவானது. குறிப்பைத்தான் முடிவுசெய்ய முடியவில்லை.

"நெருங்கிய தோழிகள் இருவர் பயன்படுத்திய குடை. அவ்வளவுதாம்மா," என்றார் இயக்குநர். நல்ல மனிதர். புகார்க் கடிதம் என்றால் மட்டும் அவருக்குப் பயம்.

நாற்பது, மழை அளந்தவள் எழுதிவைத்த பதிவேட்டைப் பிரித்தாள். "ஓரத்துல எழுதியிருக்கிறதைக் கேளுங்க சார். 'மழை ஒன்றரை அங்குலம். அவள் தும்மினாள். மதியம் வரை அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டேன்.'"

"நெருங்கிய தோழிகளும் தும்முவாங்க."

"'இன்று மழை இல்லை. இருந்தாலும் குடையோடு போனோம்.'"

"ஜாக்கிரதையானவங்க."

"சார்!"

"ஏம்மா, அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் ஒரு வார்த்தையாவது இருந்துதா? அவங்களே வெச்சுக்காத பேரை நாம வெக்கலாமா?"

"வார்த்தை இல்லைன்னா ஆளே இல்லைன்னு ஆயிடுமா? வானிலை அறிக்கை படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் மழை பெஞ்சுது சார்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆதாரம் கொண்டு வா. தோழிக்கு மேலன்னு அவங்களே கைப்பட எழுதினதா இருக்கணும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும்தான்."

பன்னிரண்டு மணிக்கு ஒரு காரணம் இருந்தது. குடைத்துணி ரொம்பப் பழசு. ஈரமோ பூச்சியோ புகாதபடி பெட்டியைப் பசை வைத்து மூடிவிட வேண்டும். மூடினால் பத்து வருடத்துக்குத் திறக்க முடியாது. மூடப்போகிறவள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை மதியம் அவள் கண்ணாடிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது பக்கத்தில் நின்றாள். நான் கதவோரம் சுவரோடு சுவராக நின்றேன். காவலாளியை யாரும் ஆளாக மதிப்பதில்லை. தொழிலில் அது ஒரு வசதி.

"நாளைக்கு மூடிடுவேன்," என்றாள் கண்ணாடிக்காரி. "உள்ள 'தோழி'ன்னு இருந்தா, பத்து வருஷத்துக்கு அவங்க தோழிங்க."

"நான் என்ன பண்ண? அவர் ஆதாரம் கேக்கறார்."

"அவரைச் சொல்லல. செத்துப்போனவங்களுக்காக அவர்கிட்ட இந்தச் சண்டை போடறே. உயிரோட இருக்கறவ நான் ரூம்மேட். எட்டு வருஷமா ஒரு ரூம்மேட் எவளாவது உன் அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி அனுப்புவாளா?"

நாற்பது அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ஆன்ட்டி வர்றாங்க. அன்னைக்கும் நான் ரூம்மேட்தான்னா, நிஜமாவே அப்படி ஆயிடறேன். வேற ரூம்ல, வேற யாருக்காவது." அவள் அளவு நாடாவைச் சட்டென்று விட்டாள். அது சுருண்டு போய் நாற்பதின் விரலில் அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. என் டீக் கெட்டிலின் ஆவி பட்டுக் கிடங்குச் சுவரில் சுண்ணாம்பு உரிகிறது என்று போன மாதம்தான் எனக்கு மெமோ வந்திருந்தது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்: குடையின் பழைய குறிப்புப் பலகையைச் சுவருக்கு மறைப்பாகச் சாய்த்துவிட்டு அதன் முன்னால் கெட்டிலை வைப்பது. அன்று டீயை மறந்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கரடியின் பணிக்காலத்தை விளக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கெட்டிலில் தண்ணீர் இல்லை. பலகையின் ஓரம் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து தொங்குகிறது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய குறிப்பைக் கிழிப்பதில்லை. அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவோம். யார் தொடங்கியதென்று தெரியாது. சோம்பேறி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு நான் கோயிலே கட்டுவேன். நாற்பதைக் கூப்பிட்டேன். கெட்டிலை மறுபடி நிரப்பி, ஆவி காட்டிக் காட்டி ஒவ்வொரு தாளாக உரித்தோம்.

மேல் தாள்: 'தயாரிப்பில் நேர்ந்த பிழை.' அதற்குக் கீழே: 'சகோதரிகள் இருவரின் குடை.' அதற்கும் கீழே: 'எஜமானியும் பணிப்பெண்ணும் செல்லும் குடை.' அதற்கடியில் 'அத்தையும் மருமகளும்.' நூறு வருடமாக ஒவ்வொரு எழுத்தரும் தலையைப் பிய்த்துக்கொண்டு ஓர் உறவைக் கண்டுபிடித்திருக்கிறார். உள்ளதைத் தவிர எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். நானே இத்தனை கதை கட்டியதில்லை.

கடைசித் தாள் அச்சில் இல்லை. சாய்ந்த கையெழுத்து. குடையை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த குடைக்காரியே எழுதியது:

'இந்தக் குடையை என் காதலிக்காகச் செய்தேன். ஒருத்தி மட்டும் பிடித்தால் நனைவாள். இருவரும் பிடித்தால் நனைய மாட்டோம். முப்பத்தோரு வருடங்களாக நனையவில்லை. எங்களை அக்கா தங்கை என்று யாராவது எழுதினால், குடையை விரித்துக் காட்டவும்.'

நாற்பது இரண்டு முறை படித்தாள். பிறகு என் கன்னத்தைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தாள். மூன்று வயதுக்குப் பிறகு அவள் எனக்குக் கொடுத்த முதல் முத்தம்.

இயக்குநர் பலகையைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "விரிக்கச் சொல்லியிருக்காங்களே," என்றேன் நான். அந்தக் குடையை எங்கள் காலத்தில் யாரும் விரித்ததில்லை. நாற்பது ஒரு பிடியையும் கண்ணாடிக்காரி ஒரு பிடியையும் பிடித்துக்கொண்டு மெதுவாக விரித்தார்கள். உள்பக்கத் துணி முழுக்கப் பொடிப்பொடியாக ஊசி வேலை. கம்பிக்குக் கம்பி ஒரு வரி. இயக்குநர் கழுத்தை வளைத்துச் சத்தமாகப் படித்தார்.

"'மழை இரண்டு அங்குலம். முத்தம் ஒன்று.' 'மழை மூன்று அங்குலம். முத்தம் நான்கு.' 'மழை இல்லை. முத்தம்...'" அவர் காது சிவந்தது. "'எண்ணவில்லை.'"

"ஜாக்கிரதையானவங்க," என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு, பாவம், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்தவர் கைப்பட எழுதிய வாசகத்தை மாற்றக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். பொத்தான் சேகரித்துக் கொடுத்த ஒரு வக்கீலுக்குப் பயந்து போட்டது. "அப்படியே வெச்சுடும்மா," என்றார். "எத்தனை வார்த்தை?"

"இருபத்தஞ்சு."

"அப்ப பதினஞ்சு மிச்சம். அடியில ஏதாவது சேக்கணும்னா சேத்துக்கோ." எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிட்டுப் போனார்.

மணி பதினொன்றே முக்கால். நாற்பது மேஜையில் உட்கார்ந்து எழுதினாள், எங்களிடம் காட்டவில்லை. பலகையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கண்ணாடிக்காரி ரப்பர் பிடிகளால் பெரிய கண்ணாடியைத் தூக்கி, பசை தடவிய சட்டத்தில் பொருத்தினாள். பசை பிடிக்கும்வரை பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் பலகை அவள் முகத்துக்கு நேராக வந்தது. குடைக்காரியின் எழுத்துக்குக் கீழே புது மையில் பதினைந்து வார்த்தை:

'இந்தக் கண்ணாடியைப் பொருத்தியவள் இந்தக் குறிப்பை எழுதியவளின் காதலி. அவர்களிடம் இருப்பது சாதாரணக் குடைதான். நெருங்கி நடந்தால் இருவருக்கும் போதும்.'

கண்ணாடிக்காரி அசையவில்லை. அசைய முடியாது. கண்ணிலிருந்து கொட்டுகிறது, இரண்டு கையும் கண்ணாடியில். "மாமா," என்றாள், "என் மூக்கைத் துடைங்க." துடைத்தேன். பணிக்காலத்தில் நான் செய்த மிகப் பொறுப்பான வேலை அதுதான்.

சனிக்கிழமை அக்கா வந்தாள். நேராக நடு அறைக்குப் போய், படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் நின்றாள். இருபத்தைந்து வார்த்தையைப் படித்தாள். பதினைந்து வார்த்தையைப் படித்தாள். கண்ணாடிக்காரி தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அக்கா திரும்பி, கைப்பையால் என் தோளில் பளாரென்று ஒரு போடு போட்டாள்.

"என்னை எதுக்கு அடிக்கற?"

"எட்டு வருஷம் முன்னாடியே சொன்னியேடா! 'ரெண்டு பேரும் காதலிக்கறாங்க'ன்னு இதே வாயாலதானே சொன்னே!"

"சொன்னேன்."

"நீ சொன்னதாலதானே நம்பாம விட்டேன்! 'சரி, இவன் சொல்றான், அப்ப நிச்சயமா இருக்காது'ன்னு நிம்மதியா இருந்துட்டேன். ஊருல வேற எவன் சொல்லியிருந்தாலும் எட்டு வருஷம் வீணாப் போயிருக்காது!" பிறகு மகளைப் பார்த்தாள். "ரூம்மேட்டாம், ரூம்மேட். நீ அவன் மருமகதானே, பொய்யாவது ஒழுங்கா சொல்ல வேணாமா?" நாற்பதைக் கழுத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தாள் கண்ணாடிக்காரி.

"இன்னொரு தடவை ஆன்ட்டின்னா வீட்டுக் கதவைத் திறக்க மாட்டேன். இவனை மட்டும் முறையா 'மாமா'ன்னு கூப்பிடத் தெரியுது. நான் யாரு உனக்கு?"

"அ... அத்தை."

"ம். அந்தத் தைலம் முடிஞ்சுபோச்சு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர்களிடம் இருந்தது சாதாரணக் குடைதான். இரண்டு பேருக்குப் போதும் என்று எழுதியிருந்த அந்தக் குடைக்குள் அக்காவும் நுழைந்துகொண்டாள். மூன்று பேரும் ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தெருவைத் தாண்டிப் போனார்கள். எனக்கு இடமில்லை. நான் வாசலில் கரடியோடு நின்றேன்.

அப்போது கரடி மெதுவாக என் பக்கம் திரும்பி, "இன்னைக்காவது லீவு தருவாங்களா?" என்று கேட்டது. நான் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.