விருந்தாளிக்கு விக்கெட் விழாது

நியூசிலாந்திலிருந்து வந்திருந்த ஹாலிஸுக்கு அன்று காலை ஜலாலாபாத் மைதானத்தில் எங்கள் பையன்கள் போட்டதைப் பந்துவீச்சு என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒவ்வொன்றும் லட்டு. ஐம்பது தாண்டிய மனிதர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு சிக்ஸர் சிக்ஸராக அடித்தார். அடி வாங்கியவனே கைதட்டினான்.

ஆப்கன் அணிக்குப் பயிற்சியாளராக அவரை வரவழைத்திருந்தோம். ஒப்பந்தம் மேலாளரான என் பையில் இருந்தது. வீரர்களைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லியிருந்தார்; அடுத்த பயணத்துக்கான பட்டியலையும் அவரே முடிவு செய்வதாகப் பேச்சு. பந்துவீச்சாளனை எடைபோட வேண்டுமென்றால் மட்டையோடு அவன் எதிரே நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் முந்தின நாள்தான் அவருக்காக ஆடு அறுத்திருந்தோம். வந்ததிலிருந்து அவர் தன் பையைத் தானே தூக்கியதில்லை. அவர் குனிவதற்குள் நாலு கைகள் பறித்துவிடும். அப்படி உபசரித்த ஆளின் ஸ்டம்பைப் பறக்கவிட எந்தப் பஷ்தூனுக்குக் கை வரும்?

துர்யாலையை ஓரமாக இழுத்துப் போனேன். அவன் மாதிரி லெக் ஸ்பின் போட இந்த நாட்டில் ஆள் கிடையாது. ஆனாலும் மூன்று வருடமாக அவன்தான் பதினாறாவது ஆள். பதினைந்து பேரோடு விமானம் கிளம்பிவிடும். இந்தத் தடவையும் பெயர் வராவிட்டால் எல்லையோரத் தோர்காமில் அண்ணனின் டயர் கடையில் உட்கார்ந்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான்.

"கூக்ளி எங்கடா போச்சு?"

"என்ன பேசறீங்க, சபாவூன் லாலா? நேத்து நம்ம ரொட்டியைத் தின்னவரு. அவரைப் போய் அவுட்டாக்கச் சொல்றீங்களா?"

"சாயங்காலம் பட்டியல் போயிடும்டா. உன் பேரை அடிச்சிடுவாரு."

"அடிக்கட்டும். டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கறேன். மானத்துக்கு ஒட்ட முடியுமா?"

அண்ணன் என்ற உரிமையில்தான் எங்கள் பையன்கள் என்னை லாலா என்பார்கள்; அந்த உரிமையில் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று எரிச்சல் வந்தது. அதே நேரம் நெஞ்சும் நிமிர்ந்தது. சோறு போகும் என்று தெரிந்தும் விருந்தாளிக்கு லட்டு போடுகிறவன் வேறு எந்த அணியில் இருக்கிறான், காட்டுங்கள் பார்ப்போம்.

சாப்பாட்டு நேரத்தில் ஹாலிஸ் கபாபைத் தொடவில்லை. "சபாவூன், உங்க ஆளுங்க நல்லவங்க. ஆனா பந்து போடத் தெரியலை. அந்த லெக் ஸ்பின்னர் பேரை எடுத்துடுங்க" என்றார்.

நீ அடித்ததெல்லாம் நாங்கள் விட்டுக்கொடுத்தது என்று விருந்தாளியின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ஒப்பந்தத்தை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க சாஹிப். அப்புறம் அவன்கிட்ட ஒரே ஒரு ஓவர் ஆடுங்க."

"கையெழுத்துப் போட்டா பந்து மாறிடுமா?"

"மாறும்."

அவர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு, தூரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த துர்யாலையைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து எனக்கு ஒண்ணு உறுத்துது. அவன் மணிக்கட்டுல இருக்கற சமாச்சாரம் பந்துல வரவே இல்லை" என்றவர், பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கேப்டன் ஸர்வலி காகிதத்தை உயர்த்திப் பிடித்துப் பஷ்தோவில் கத்தினான்: "பாத்துக்கோங்க. இனிமே இவரு விருந்தாளி இல்லை. நம்ம வீட்டு ஆளு. கை கூசாம போடுங்க."

ஹாலிஸ் மறுபடி மட்டையோடு நின்றார். துர்யாலை பந்தை உள்ளங்கையில் உருட்டினான், நாலு எட்டு நடந்தான், வீசினான். பந்து வெளியே போகும் என்று ஹாலிஸ் மட்டையை நீட்டினார். அந்தக் கூக்ளி உள்ளே திரும்பி, மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

ஒருவனும் கைதட்டவில்லை. துர்யாலை மார்பில் கை வைத்துத் தலை குனிந்து நின்றான். பழக்கதோஷம்.

"இன்னொண்ணு போடு" என்றார் ஹாலிஸ். அடுத்தது அதே இடத்தில் விழுந்து எதிர்ப்பக்கம் திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. மனிதர் சாய்ந்த ஸ்டம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?"

மொழிபெயர்த்தேன். "ஒளிக்கலை. காலையில அவரு விருந்தாளி" என்றான் துர்யாலை. அதையும் மொழிபெயர்த்தேன். வேறு வழியில்லை.

ஹாலிஸின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ நான் அடிச்ச சிக்ஸரெல்லாம்?"

"அதுவும் விருந்துதான், சாஹிப்" என்றான் ஸர்வலி.

போச்சு, கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு பட்டியலை என்னிடம் வாங்கி, எல்லாப் பெயருக்கும் மேலே துர்யாலை என்று தன் கையால் எழுதினார். பெயரைத் தப்பாகத்தான் எழுதினார். யாரும் திருத்தவில்லை. இந்த அணியை நினைத்து அன்றைக்குப் பட்ட பெருமையை நான் எந்தக் கோப்பைக்கும் பட்டதில்லை.

பேருந்துக்குக் கிளம்பினோம். ஹாலிஸ் வழக்கம்போலத் தன் பை அருகே காத்து நின்றார். ஒரு கையும் நீளவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பேருந்துப் படியிலிருந்து துர்யாலை திரும்பிப் பார்த்து, புல்லில் கிடந்த பந்து மூட்டையைக் கைகாட்டினான்.

"ஹாலிஸ் லாலா, வர்றப்ப அந்தப் பந்து மூட்டையையும் எடுத்துட்டு வாங்க."