என் பெயரில் வந்த கடிதம்

"இந்த ரத்தமெல்லாம் எங்கதான் போகுது?" என்று டாக்டரம்மா கேட்டபோது, எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒன்பது நாளாக இதே கேள்வி. கட்டிலில் என் தங்கை கிடந்தாள். உதடு வெளுத்து, நகம் வெளுத்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் அங்கேயும் வெளுப்பு.

"நாலு மாசம் முன்னாடி கம்பெனி மருத்துவ முகாம்ல ரத்த அளவு பன்னெண்டரை. இப்போ ஆறு. சும்மா இப்படிப் பாதியாகாதும்மா. உள்ளே எங்கேயோ கசியுது."

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. குடலையும் பார்த்தாயிற்று. நாளைக்கு மறுபடி ஏதோ ஒரு குழாயாம். தாங்குவாளா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்றார். என்னத்தைப் பார்ப்பது? அந்தப் பன்னிரண்டரை அவளுடைய ரத்தமே இல்லை. என்னுடையது.

இருவரும் ஒரே சட்டைக் கம்பெனி. நான் காலர் தைக்கிறவள், பதினோரு வருடமாக நிரந்தரம். அவள் பட்டன் வைக்கிறவள், தற்காலிகம். முகாமில் ரத்தம் குறைவென்று வந்தால் என்னைப் போன்ற நிரந்தரக்காரிகளுக்குச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். தற்காலிகக்காரிகளுக்கு, "உடம்பைத் தேத்திக்கிட்டு வா" என்று கேட்டைக் காட்டிவிடுவார்கள். அவள் ஏற்கெனவே ஒரு தடவை மிஷின் மேலேயே மயங்கி விழுந்திருந்தாள். விசில் என்று நாங்கள் கூப்பிடுகிற சூப்பர்வைசர் அன்றிலிருந்து அவள்மேல் ஒரு கண்ணாகவே இருந்தான்.

ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டி அனுப்புவார்கள். ஒருத்தியே இரண்டு தடவை வரிசையில் நிற்க முடியாது. அதனால் கம்பெனி அடையாள அட்டையை மாற்றிக்கொண்டோம். என் அட்டையோடு அவள் போனாள், அவள் அட்டையோடு நான் போனேன். யோசனை என்னுடையது. ரொம்பக் கெட்டிக்காரி நான்!

என் பெயரில் எட்டு என்று கடிதம் வந்தது. எனக்குக் கொடுத்த மாத்திரையை ஒன்று விடாமல் அவளுக்கே கொடுத்தேன். நிறம் ஏறவே இல்லை. இருமினாள், துணித் தூசியில் எங்கள் ஹாலில் யார்தான் இருமவில்லை? இளைத்தாள், "ஒழுங்கா சாப்பிடுடி, காத்துல பறந்துடப் போற" என்று திட்டினேன். சாயங்காலமானால் உடம்பு சுட்டது. அலைச்சல் என்று நானே முடிவு கட்டினேன்.

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நான் எழுந்தேன். தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வேண்டாம். ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

"போய்த் தொலையட்டும். வாயை மூடிக்கிட்டுப் படு!"

வராந்தாவில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஒன்பது நாளும்மா! இருமல் இருக்கான்னு கேட்டப்போ இல்லேன்னு தலையாட்டினாளே?"

"கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம் டாக்டர். போர்வையைக் கடிச்சுக்கிட்டு அடக்குவா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ எங்கேயும் கசியலை. நெஞ்சுல டி.பி. கிருமி உட்கார்ந்திருந்தா, உடம்பு இரும்புச்சத்தைப் பூட்டி வெச்சுக்கும். நீங்க மாத்திரையை அள்ளி அள்ளிக் குடுத்தாலும் ரத்தம் ஊறாது. முகாம்ல அவளோட நிஜமான ரிப்போர்ட் எங்கே? உங்க பேர்ல வந்தது?"

என் பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் வீட்டிலிருந்த காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். அவர் பிரித்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"ரத்தத்துல கிருமித் தொற்று மாதிரி தெரியுது, உடனே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவும்னு எழுதியிருக்காங்களே. எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அப்போ படம்?"

கடிதத்தின் தலையில் இருந்தது என் பெயர். போகாவிட்டால் விசில் துருவ ஆரம்பிப்பான் என்று அரைநாள் லீவு போட்டுப் போனேன். மூச்சைப் பிடி என்றார்கள், பிடித்தேன். நெஞ்சு சுத்தம் என்றார்கள். வீட்டுக்கு ஓடிவந்து, "தப்பிச்சோம்டி, ஒண்ணும் இல்லையாம்!" என்று அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவளும் சிரித்தாள், சிரித்துச் சிரித்து இருமினாள். யாருடைய ரத்தத்துக்கு யாருடைய நெஞ்சைக் காட்டினோம் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

"என்னோட நெஞ்சைத்தான் எடுத்தேன் டாக்டர்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானமே அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பஞ்சு மாதிரி கனமே இல்லை. படம் வந்ததும் டாக்டரம்மா அதை விளக்குப் பலகையில் மாட்டினார். பக்கத்தில், என் பையிலிருந்து வாங்கிய என் படத்தையும் மாட்டினார். என்னுடையதில் இரண்டு பக்கமும் கறுப்பாக, தெளிவாக இருந்தது. அவளுடையதில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வலது பக்கம் மேலே ஒரு ஓட்டை.

"சளியை இப்பவே அனுப்பறோம். மருந்தும் இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்" என்றார். "உடம்புல தெம்பு கொஞ்சம் மிச்சம் இருக்கணும், அவ்வளவுதான். நாலு மாசம் முன்னாடியே..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தங்கை முகமூடிக்கு மேலே கண்ணை உயர்த்தி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்னோடது எவ்வளவு சுத்தமா இருக்கு பாருக்கா" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள்.