ஆறு கட்டிலுக்கும் பதினேழு

கம்பெனியில் அவனை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இடுப்பில் ஒரு மீட்டர் தொங்கும். கொதிக்கிற தண்ணீரைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் கொதிக்கிறது என்று ஒப்புக்கொள்வான் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள் அளக்காமல் விட்டான். அதன் பலன் போய் விடிந்தது அவனுடைய அண்ணியின் தலையில்.

அண்ணன் போய் ஒன்பது வருடமாகிறது. யார் தயவிலும் இருக்க மாட்டேன் என்று அண்ணி அப்போதே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் பணிப்பெண் வேலை. வீடு ஒன்றுதான்: மாடியில் மீட்டரும் மனைவியும் மகளும், கீழே அண்ணி. அவள் கல்யாணமாகி வந்தபோது மீட்டருக்குப் பதினோரு வயது. நெற்றியில் புறங்கையை ஒற்றிப் பார்த்தே இது நிஜக் காய்ச்சலா பள்ளிக்கூடக் காய்ச்சலா என்று சொல்லிவிடுவாள். அவளிடம் மட்டும் அவன் ஜம்பம் செல்லாது.

அந்த இல்லத்துக்கு ஈரம் காட்டும் டேக் பொருத்தும் வேலை கம்பெனிக்கு வந்தபோது அண்ணி இருக்கிற இடமாயிற்றே என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். விரல் நீளத்தில் ஒட்டுப்பட்டை மாதிரி இருக்கும் அந்த டேக்கை மெத்தை உறைக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதற்குப் பேட்டரி கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் ஆன்டெனா அலையை அனுப்பினால், அந்த அலையிலிருந்தே துளி சக்தியை எடுத்துக்கொண்டு கண் விழித்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி செத்தது போல் கிடக்கும். கடுகை விடச் சிறிய சிப்பு; அதற்குள் நான்கு அறைகள். ஒன்றில் பூட்டுவதற்கான கடவுச்சொற்கள். இன்னொன்றில் இது எந்தக் கட்டில் என்ற அடையாள எண். மூன்றாவதில் ஆலையிலேயே பொறித்து அனுப்பிய பிறவி எண், அதைப் பிரம்மாவாலும் மாற்ற முடியாது. நான்காவது அறை காலியாக வரும். பொருத்துகிறவன் எழுதிக்கொள்ள வேண்டியது.

ஈரம் பட்டால் டேக் சொல்லும் எண் இறங்கும். காய்ந்திருக்கும்போது என்ன எண் என்று தெரிந்தால்தானே எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் போட முடியும்? அந்தக் காய்ந்த எண் கட்டிலுக்குக் கட்டில் மாறும். மரச்சட்டத்தில் ஒன்று, இரும்பில் ஒன்று. படுத்திருப்பவரின் உடம்பும் கொஞ்சம் மாற்றும். ஆகவே ஒவ்வொரு கட்டிலிலும் ஆளைப் படுக்கவைத்து, உலர்ந்த விரிப்பில் அளந்து, வந்த எண்ணை நான்காவது அறையில் எழுத வேண்டும். அதிலிருந்து ஐந்து இறங்கினால் பணிப்பெண்ணின் திரையில் மணி அடிக்கும்.

மொத்தம் முப்பத்திரண்டு கட்டில். வெளிக்கூடத்து இருபத்தாறும் மரச்சட்டம். கடைசி நாள் மூன்றரை மணிக்குள் அவற்றை முடித்துவிட்டான். மிச்சம் உள்கூடத்தில் ஆறு பழைய இரும்புக் கட்டில்கள். உள்கூடம் பகலில் அண்ணியின் பொறுப்பு. அவன் போனபோது அவள் ஈரத்துணியும் வாளியுமாக ஒவ்வொருவருக்காக உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

“விரிப்பெல்லாம் நனைஞ்சு கெடக்கு தம்பி. மாத்திப் போட்டுடறேன், அரை மணி பொறுத்துக்கோ” என்றாள்.

கம்பெனி வண்டி நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். விட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும், அதுவும் நின்றுகொண்டு. வேறு எந்தக் காரணமும் இல்லை. பிறகு எத்தனையோ தடவை இதைவிடப் பெரிதாக, கொஞ்சம் கௌரவமாக ஒரு காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று தேடிப் பார்த்திருக்கிறான். கிடைத்ததில்லை. வாசலில் நின்றபடியே டேக்கைப் படிக்கவும் எழுதவும் உதவும் கைரீடரை நீட்டி, வெளிக்கூடத்தில் அடிக்கடி வந்த பதினேழு என்ற எண்ணை ஆறு டேக்கிலும் எழுதினான். நான்கு நிமிடம் ஆனது. ‘முடிஞ்சுதா?’ என்று கேட்டவளிடம் ‘முடிஞ்சுது அண்ணி’ என்று சொல்லிவிட்டு வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனான்.

டேக் வந்ததும் நிர்வாகி ஒரு புது உத்தரவு போட்டார். இரண்டு மணிக்கொரு தடவை விரிப்புக்கடியில் கைவிட்டுப் பார்க்கும் வேலை இனி வேண்டாம். படுத்திருப்பவர்களுக்கும் தொந்தரவு, நேரமும் மிச்சம். திரையைப் பார்த்தால் போதும். அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் வந்து முணுமுணுத்தாள். கையைவிட மெஷின் துல்லியம் அண்ணி, காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறணும் என்று அவளுக்குப் புத்தி சொன்னவனும் மீட்டர்தான். அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் போனது. உள்கூடத்தில் நான்காவது கட்டிலில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்தவர். பக்கவாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போய்விட்டன. நனைந்துவிட்டது என்று சொல்ல வாயுமில்லை, புரண்டு படுக்கத் தெம்புமில்லை. அவர் இடுப்பில் சிவப்பாக ஆரம்பித்தது. அண்ணி பார்த்துவிட்டு எழுதியும் வைத்தாள். ஆனால் திரையில் மணியே அடிக்கவில்லை. ஒரு வாரத்தில் அது உள்ளங்கை அகலப் புண்ணாகிவிட்டது. பார்க்க வந்த மகன் புண்ணையும் பார்த்தார், பிழிந்தால் சொட்டும் விரிப்பையும் பார்த்தார். அன்று இல்லமே அதிர்ந்தது.

நிர்வாகி திரைப் பதிவுகளை எடுத்தார். வெளிக்கூடத்தில் ஒரு கட்டிலுக்கு ஒரு பகலில் நாலைந்து தடவை மணி அடித்திருந்தது. அண்ணியின் ஆறு கட்டிலுக்கும் சேர்த்தே ஒன்றோ இரண்டோ. ஆறு பேரும் என்ன பாலைவனத்து ஆட்களா என்று கேட்டார். அண்ணி டேக்குக்கு மேல் பிளாஸ்டிக் விரித்து ஈரம் படாமல் மறைக்கிறாள், மணி அடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று, இதுதான் அவருடைய முடிவு. அவள் இல்லை என்றாள். மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டார். எதற்கும் டேக்குகளைச் சோதித்து எழுதித் தரச் சொல்லி அவர் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். கம்பெனி பொருத்தியவனையே அனுப்பியது.

மீட்டர் கைரீடரும் கையுமாக உள்கூடத்தில் நின்றான். உலர்ந்த விரிப்பில் நான்காவது கட்டில் இருபத்துநான்கு காட்டியது. அது பதினைந்துக்கு இறங்கினால் மெத்தையே ஊறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எழுதியிருந்ததோ பதினேழு. பன்னிரண்டுக்கு வந்தால்தான் மணி அடிக்கும். ஆறிலும் அதே பதினேழு. அவன் கையெழுத்து மாதிரி.

எழுதிய எண்ணை அழித்து எழுதினால் முன்பு என்ன இருந்தது என்று டேக்கின் நான்காவது அறை சொல்லாது. எப்போது எழுதினார்கள் என்றும் சொல்லாது. அவன் ஆறு கட்டிலையும் ஒழுங்காக அளந்தான். அன்று செய்திருக்க வேண்டியதை ஒன்றுவிடாமல் செய்தான். சரியான எண்களை எழுதினான். ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், மணி கணீரென்று அடித்தது. பிறகு அறிக்கையில், ‘ஆறு டேக்குகளும் சரியாக இயங்குகின்றன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தலைகுனிந்தபடி அவன் கருவியை மூட்டை கட்டியபோது டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவனைத்தான் பார்த்தார் என்று சொல்ல முடியாது. மறுநாள் அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவெல்லாம் இல்லை. சோறு இறங்காமல் போயிற்று, அவ்வளவுதான். மனைவி வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். மாடிப்படி இறங்கும்போது அண்ணி வீட்டுக் கதவு திறந்திருந்தால் போன் பேசுகிறவனைப் போல் காதில் வைத்துக்கொண்டு நழுவினான். கட்டில்கள் சரியாகிவிட்டன, இனி யாருக்கும் புண் வராது, அண்ணிக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அம்மா எப்போதோ யாரையோ பற்றிச் சொன்னது நடுவில் வந்து குறுக்கே நிற்கும்.

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணியே அவனைக் கூப்பிட்டாள். சண்டைக்கு அல்ல. அடுப்படி மேடையில் இரண்டு துண்டுகளை மடித்து வைத்திருந்தாள்.

“தம்பி, இதுல ஒண்ணு லேசா ஈரம், ஒண்ணு காஞ்சது. நான் கண்ணை மூடிக்கிறேன், நீ மாத்தி மாத்தி வை. எனக்குத் தெரியுதான்னு பாக்கணும்” என்றாள்.

“எதுக்கு அண்ணி இதெல்லாம்?”

“கை மரத்துப்போச்சோன்னு சந்தேகமா இருக்குப்பா. அந்தம்மா விரிப்பை நான் தொடாமலா இருந்திருப்பேன்? மணி அடிக்கலைன்னாலும், குடிக்கக் குடுக்கும்போது கை பட்டிருக்குமே. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? ஒருவேளை தெரிஞ்சும், மெஷின் சொல்லலையேன்னு விட்டுட்டேனோ என்னவோ. நினைச்சு நினைச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரலை.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். மீட்டர் துண்டைத் தொடவில்லை. ‘எங்கே, வை’ என்று அவள் இரண்டாவது தடவை சொன்னபோது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“உங்க கை சரியாத்தான் இருக்கு அண்ணி. நான்தான் அளக்கலை.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வண்டியை, நான்கு நிமிடத்தை, பதினேழை, அறிக்கையை. அண்ணி கண்ணைத் திறந்தவள் அவனைப் பார்க்காமல் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள், ஓங்கி ஒன்று வைப்பாள் என்று எதிர்பார்த்தான். எது செய்திருந்தாலும் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

“அரை மணி நேரம்தானே கேட்டேன்” என்றாள் கடைசியில்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள். “எங்கிட்டச் சொல்லி என்ன? புண்ணு எனக்கா வந்துச்சு? அங்க போய்ச் சொல்லு. அந்தப் பையன் இருக்கும்போது சொல்லு.”

பையன் என்று அவள் சொன்னது டைப்பிஸ்ட் அம்மாவின் மகனை. அவருக்கே ஐம்பது வயதிருக்கும். திங்கட்கிழமை நிர்வாகியின் அறையில் அவரையும் உட்காரவைத்துக்கொண்டு மீட்டர் சொன்னான். வாய்ச்சொல்லை நம்பமாட்டார்களோ என்று ஆதாரமும் கொண்டுபோயிருந்தான். டேக் மறந்துவிட்டாலும், சுவர் ஆன்டெனா ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிய எண் கணினியில் அப்படியே கிடந்தது. இருபத்துநான்கு, இருபத்துமூன்று, பதினாறு, பதினைந்து, பதினைந்து, பதினைந்து. பகலிலும் அப்படி, அண்ணி இல்லாத இரவிலும் அப்படி. பகல் பதிவை மட்டும் எடுத்துப் பார்த்த நிர்வாகி இரவுப் பக்கத்தைப் புரட்டியபோது அவர் முகமும் சுருங்கியது.

மகன் அந்தப் பதினைந்துகளை விரல் வைத்து எண்ணினார். ஒரு பதினைந்துக்கும் அடுத்த பதினைந்துக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றான் மீட்டர். அவர் முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். முடித்ததும், அம்மா ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் முழுப்பக்கத்தையும் திரும்ப அடிப்பாள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கம்பெனி அவனைக் களவேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டது. போவதற்கு முன் முப்பத்திரண்டு கட்டிலையும் வேறொருவர் மேற்பார்வையில் திரும்ப அளந்து கொடுக்கச் சொன்னார்கள். மூன்று நாள் ஆனது. நிர்வாகி அண்ணியிடம் வருத்தம் தெரிவித்துத் திரும்பக் கூப்பிட்டார். கையால் பார்ப்பதை நிறுத்தச் சொல்லக் கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு அவள் போனாள். மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இரண்டு மணிக்கொரு தடவை விரிப்புக்கடியில் கை போகும்.

புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் குளிர் நாட்களில் நெஞ்சில் சளி கட்டி டைப்பிஸ்ட் அம்மா இறந்துபோனார். புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயதுதான் என்று டாக்டர் சொன்னதாக அண்ணி வந்து சொன்னாள். ‘டாக்டர் அப்படித்தான் சொன்னார்’ என்று அவளாகவே இன்னொரு தடவையும் சொன்னாள். மீட்டர் சரி என்று தலையாட்டினான். சம்பந்தமில்லைதானா அண்ணி என்று அவளைக் கேட்க ஆசையாக இருந்தது. அவள் பொய் சொல்லமாட்டாள் என்பதால் கேட்கவில்லை.