அக்கரை ஓடுபாதை

ஓடுபாதையின் நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தாள் நோலீன். கறுப்பு மண்ணில் சக்கரத்தடம் கணுக்கால் ஆழத்துக்கு விழுந்திருந்தது. மழைக்குப் பிறகு இப்படி ஓட்டிப் பார்த்து, டாக்டரைக் கொண்டுவரும் விமானம் இறங்கலாமா என்று சொல்வது அந்த ஆற்றங்கரை ஊரில் பல வருடங்களாக அவள் வேலை. இன்று விமானம் தேவைப்பட்டது அவள் கணவன் டார்சிக்கே. காலில் வைத்த சீழ் உடம்பெல்லாம் ஏறி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தான். சாலைகளெல்லாம் வெள்ளத்தில்.

ஒரு பொய் சொன்னால் விமானம் வந்துவிடும். அப்படித் தோன்றியதற்கே அவளுக்கு உடம்பு கூசியது. வண்டி ரேடியோவில் ஊர் நர்ஸ் ரூபியைக் கூப்பிட்டாள்.

"ரூபி, மண்ணு புதையுதுன்னு விமானத்துக்குச் சொல்லிடு. இங்க இறங்க முடியாது."

"ஐயோ அத்தை, மாமா இன்னைக்கு ராத்திரி தாங்கமாட்டாரு."

"அழாத. அக்கரையில கெர்வின் பண்ணையில ஓடுபாதை இருக்கு. செம்மண்ணு, தண்ணி நிக்காது. அங்க வரச் சொல்லு."

"அவரு விடுவாரா?"

நியாயமான கேள்விதான். போன வறட்சியில் கெர்வின் தன் பருத்திக்கு ஆற்றை உறிஞ்சியதில் ஊர்க் குழாய்களில் சேறு வந்தது. கடைவாசலில் எல்லோர் முன்னாலும் அவனைத் தண்ணீர்த் திருடன் என்று கிழித்துத் தொங்கவிட்டவள் நோலீன். அதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் இன்றும் தயாராக இல்லை.

டார்சியைப் படகில் கிடத்தி, ரூபியை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, மிதந்துவந்த மரங்களுக்கு நடுவே அவளே ஓட்டிப் போனாள். அக்கரையில் கெர்வின் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன, திருடன் வாசலுக்கே வந்துட்ட?"

"வந்திருக்கேன். நீ திருடன்தான், நாளைக்கும் சொல்லுவேன். இப்ப இவன் தலைப்பக்கம் பிடி."

கெர்வின் டார்சியின் முகத்தைப் பார்த்தான். "வாய் மட்டும் குறையல உனக்கு" என்று முனகியபடி குனிந்து தூக்கினான்.

ஓடுபாதை முழுக்க, வெள்ளத்துக்குப் பயந்து மேடேறிய கங்காருகள். ஒரு வண்டியை வைத்து விரட்டினால் அவை சுற்றிவந்து அதே இடத்தில் நிற்கும். தெற்கே விமான இரைச்சல் கேட்கத் தொடங்கியது. கெர்வின் தன் பழைய லாரியின் சாவியை நோலீனிடம் வீசிவிட்டு இன்னொரு வண்டியில் ஏறினான்.

"இடப்பக்கம் நீ."

இரண்டு வண்டிகளும் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பாய்ந்தன. முன்னால் கங்காருகள் துள்ளிச் சிதறின. தரையிறங்க வந்த விமானத்தின் நிழல் இரண்டு வண்டிக் கூரைகளையும் தடவிக்கொண்டு போனது.