அக்காவின் பெயர் ஒட்டிய பெட்டி

எங்கள் அப்பா மாரிசாமி நாற்பத்தொரு வயதில் தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து இறந்தார். அண்ணனும் அப்படியே முப்பத்தொன்பதில் போய்ச் சேர்ந்தான். எனக்கு இப்போது முப்பத்தெட்டு. தோட்டத்தில் இதைத் தலையெழுத்து என்றார்கள். லண்டனில் வாழ்க்கைப்பட்ட சிவசக்தி அக்காவின் டொக்டர்தான், பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரோல் என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

அங்கே அக்காவுக்கு இருக்கிறது என்றதும் ஆஸ்பத்திரிக்காரர்களே அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரத்தம் எடுத்தார்கள். அக்காவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, வீட்டுக்கே வருகிறதாம். எனக்குப் பதுளை கிளினிக்கில் தினம் ஒரு குளிசை. அதை விழுங்கியும் கொலஸ்ட்ரோல் இறங்கின பாடில்லை. இருவருக்கும் ஒரே அப்பாவின் இரத்தம்தானே? எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

போன வாரம் எல்ல என்ற ஊரைச் சுற்றிப் பார்க்க லண்டனிலிருந்து வந்த அக்காவின் சிநேகிதி, ஐஸ் பையில் இரண்டு ஊசி கொண்டுவந்து தந்தாள்.

"குளிர்ல வைக்கணுமாம்" என்றாள்.

தோட்டத்து லயத்து வீட்டில் எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. அப்புத்தளை டவுனில் ஸனூஸ் நானாவின் கடைக்கு ஓடினேன். நல்ல மனுஷன், ஐஸ்கிரீம் பெட்டியின் அடியில் இடம் பண்ணி வைத்தார்.

"இதவிடக் குளிரு எங்கயும் இல்ல தம்பி."

எனக்கும் மனம் குளிர்ந்தது.

கிளினிக் நாளில் டொக்டர் றுஷ்தாவிடம் நீட்டினேன். தொட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க வச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"உறைஞ்சா மருந்து பழுதாப் போயிரும். இத போட ஏலாது."

"இங்க வேற ஊசி இல்லீங்களா?"

"எங்ககிட்ட இல்லையே." பெட்டியைத் திருப்பி லேபிளை வாசித்தார். "சிவசக்தி யாரு? அவங்களுக்குக் குடுத்த ஊசி இது. மாசத்துக்கு ரெண்டுதான் கணக்கு. இந்த மாசம் அவங்க போட்டுக்காம உங்களுக்கு அனுப்பியிருக்காங்க."

பாவி, அவளிடம் மிச்சம் இருக்கிறது என்றல்லவா நினைத்தேன்! அவளுக்கும் அப்பாவின் வயது நெருங்குகிறது.

திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போது அக்கா போனில் கோல் எடுத்தாள்.

"தம்பி, ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா." உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"அப்பாடா!" அழுதுவிட்டாள். "இனி மருந்து கேக்கும்ல? அடுத்த மாசமும் ஆள் பாத்து அனுப்புறேன்."

"வேணாம்க்கா! நீ போட்டுக்க!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எனக்கென்னடா, இங்க ஆஸ்பத்திரி இருக்கு."

பழுதாகிவிட்டது என்றால் இன்னும் சீக்கிரம் அனுப்புவாள். போட்டுக்கொண்டேன் என்றாலும் அனுப்புகிறாள். எதைச் சொல்லி அவளைத் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.