ஐந்தாவது பொன்னாடை

கார்கிலில் மகன் அறிவழகன் இறந்த பிறகு, பெரம்பலூர் குடியரசு தின விழாவில் கொளஞ்சியம்மாளுக்குப் போர்த்தப்பட்ட ஐந்தாவது பொன்னாடை அது.

மைக்கில் அவன் வீரத்தைப் பற்றி முழங்கினார்கள். அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவன் எழுதிய கடைசிக் கடிதம்தான் நெஞ்சுக்குள் ஓடியது: "இங்க குளுரு தாங்கலம்மா." அது வந்த அன்றைக்கே அரியலூர்க் கடைத்தெருவில் கம்பளி வாங்கித் தபாலில் அனுப்பினாள். சவப்பெட்டி வந்து பத்து நாள் கழித்து, பிரிக்காத பார்சலாக அது வீட்டுக்கே திரும்பி வந்தது.

விழா முடிந்ததும், "ஏதாச்சும் வேணுமாம்மா?" என்று கேட்ட அதிகாரியிடம் பொன்னாடையின் முனையை நெருடிக் காட்டினாள்.

"வருசா வருசம் குடுக்குறத அவன் படத்துக்குத்தான் போத்துறேன் சார். இவ்ளோ மெல்லிசா இருந்தா எம்புள்ள குளுருக்குத் தாங்குங்களா?"