பத்தொன்பது விடைத்தாள்கள்

பர்மகான் கிர்கிஸ் மொழி ஆசிரியை. கணக்கு வாத்தியார் வேலை தேடி ரஷ்யாவுக்குப் போய்விட்டதால், தலைமை ஆசிரியர் தொக்தோசுன் ஏழாம் வகுப்புக் கணக்கையும் அவள் தலையில் கட்டியிருந்தார். புத்தகத்தைப் புரட்டி, புரிந்த மட்டும் நடத்தினாள்.

மே மாதத்தில் ஒரு நாள் தொக்தோசுன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். தலைநகரின் கணக்குப் பள்ளிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் அவள் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய தாள்கள் திரும்பி வந்து மேசைமேல் கிடந்தன. பத்தொன்பதின் மேலும் சிவப்புக் கோடு.

"அத்தனை பேரும் ஒரே தப்பு. காப்பின்னு சொல்லி மொத்தத்தையும் ரத்து பண்ணிட்டாங்க."

பர்மகான் ஒரு தாளை எடுத்தாள். முதல் கேள்வி 2x + 6. வெறும் கோவை, அதில் தீர்க்க எதுவும் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் 'சமம் பூஜ்யம்' என்று தாங்களே எழுதி, x = –3 என்று முடித்திருந்தார்கள். அடுத்தது 2x + 6 < 14. அந்த அசமன்பாட்டுக்கும் x = 4 என்று ஒரே விடை. எதைக் கண்டாலும் சமன்பாடாக்கி x-ஐக் கண்டுபிடி என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"காப்பி இல்ல சார். நான் சொல்லிக் குடுத்ததே தப்பு."

"வெளில சொல்லிடாதம்மா. உன் வேலையும் போகும், என் மானமும் போகும்."

அவளுக்குப் பெரிசாத்தின் முகம்தான் கண்முன் நின்றது. வகுப்பிலேயே கெட்டிக்காரி. இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் ஆடு மேய்க்க மலைக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை தாள்கட்டை எடுத்துக்கொண்டு, பெரிசாத்தையும் கூட்டிக்கொண்டு, தேர்வு அலுவலகம் இருந்த நரின் நகரத்துக்கு வாடகைக் காரில் போனாள்.

தேர்வு அதிகாரியான கலிபா என்ற பெண்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரத்துன்னா ரத்துதான். போயிட்டு வாங்க."

"போக மாட்டேன்மா. தப்பு என்னோடது. எழுதித் தரேன். இந்தப் பொண்ணோட தாளை ஒரே ஒரு தடவை பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தொல்லை விட்டால் போதும் என்று கலிபா அந்தக் கட்டிலிருந்து பெரிசாத்தின் தாளைத் தேடி எடுத்தார். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்து: '4 போட்டால் 14 வருகிறது. 14 எப்படி 14-ஐ விடக் குறைவாகும்? டீச்சர் சொன்னதால் எழுதுகிறேன்.'

"ஏம்மா, சந்தேகம் இருந்தா கேட்க வேண்டியதுதானே?"

பெரிசாத் தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டேன். டீச்சர் திட்டினாங்க."

பர்மகானுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது.

"அப்போ அதுக்கு விடைதான் என்ன?" என்று பெரிசாத்தைக் கேட்டார் கலிபா.

"நாலுக்குக் கீழ எது போட்டாலும் சரி வரும். மூணு, ரெண்டு, மூணரைகூட. அந்த முதல் கணக்கு நம்மள எதுவுமே கேக்கல. நாமதான் சமம்னு ஒண்ணச் சேர்த்துட்டோம்."

கலிபா புதுத் தாள் ஒன்றை அவளிடம் தள்ளினார். மேசையின் ஒரு பக்கம் பெரிசாத் கணக்குப் போட, மறுபக்கம் பர்மகான் தன் தவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரை மணியில் அந்தப் பெண்ணுக்கு இடம் உறுதியாயிற்று.

"மத்த பதினெட்டுப் பேரு?"

"அவங்க தாள்ல ஓரத்துல ஒண்ணும் இல்லையே."

பர்மகான் கெஞ்சினாள், அழுதாள். கலிபா கோப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவளை நீக்கச் சொல்லி ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. மாற்று ஆள் கிடைக்கும்வரை நீயே பார் என்றார் தொக்தோசுன். அவள் வகுப்புக்குள் போனாள். இடம் கிடைக்காத பதினெட்டுப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க. நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது தப்பு."

கடைசி வரிசையில் ஒருத்தி நோட்டைத் திறந்தாள். "எந்தப் பக்கத்துலேருந்து டீச்சர்?"

பர்மகான் சாக்பீஸை எடுத்தாள். "முதல் பக்கத்துலேருந்தேம்மா."